முக்கோணத்துக்கு விளக்கம் இல்லை

அத்தியாயம் 7

ஆலை வாசலில் நின்ற கூட்டம் அவர்கள் இருவருக்கும் ஒதுங்கி வழிவிட்டது. மரியாதைக்காக அல்ல. மேலே பட்டுவிடக் கூடாதே என்றுதான்.

"வந்துட்டாங்கடா, செத்தவனுக்கு வக்காலத்து வாங்க," என்று ஒருவன் காறித் துப்பினான். எச்சில் அண்ணியின் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

"குறி தப்பிடுச்சு, அண்ணே," என்றான் கொழுந்தன். "நாலு மணி வரைக்கும் உள்ளதான் இருப்போம். பழகிட்டு வாங்க, திரும்பி வரும்போது பாக்கலாம்."

"வாயை மூடிக்கிட்டு வா, தம்பி," என்றாள் அண்ணி.

துப்பறியும் அலுவலகம் அண்ணியின் கணவர் நடத்தியது. அவர் இறந்துபோய் இரண்டு வருடமாகிறது. பலகையில் இன்னும் அவர் பெயர்தான். அதன் அடியில் அண்ணி உட்காருகிறாள். அவருடைய தம்பி, புள்ளிவிவரக் கம்பெனி ஒன்றில் மேலதிகாரியைக் கிண்டல் செய்து வேலையை இழந்தவன், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவளைக் கிண்டல் செய்கிறான். அங்கே மட்டும்தான் அவனுக்கு வேலை போகாது.

வழக்கு இதுதான். இருபது நாளைக்கு முன்பு இந்த ரப்பர் பாய் ஆலையில் நீராவிக் குழாய் ஒன்று வெடித்தது. இரண்டாம் எண் டேங்கை இயக்கியவன் அங்கேயே இறந்தான். பத்தாம் எண் டேங்கை இயக்கியவன் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இரண்டு டேங்குக்கும் ஒரே குழாய்தான். எந்த டேங்க்கில் அழுத்தம் எல்லை மீறியதோ அதன் ஆள்தான் குற்றவாளி என்றது விசாரணைக் குழு. அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரைபடம். அது இரண்டாம் டேங்கைக் கைகாட்டியது.

ஆலை மூடிக் கிடந்தது. முந்நூறு குடும்பம் வீட்டில் உட்கார்ந்திருந்தது. வழக்கை அண்ணியிடம் கொண்டுவந்தவள் இறந்தவனின் மனைவி. அவள் குடியிருந்த வீட்டின் கூரை மேல் தினமும் கல் விழுந்தது. அவளுடைய மகளைத் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை. இன்று நான்கு மணிக்குக் குழு கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தப் பழி அச்சில் ஏறிவிடும். அதுவரை ஆவணங்களைப் பார்க்கலாம் என்று குழு அண்ணிக்கு ஓர் அனுமதிக் கடிதம் கொடுத்திருந்தது.

மணி இரண்டரை.

புள்ளிவிவரப் பிரிவு என்பது மாடியில் ஒரே ஓர் அறை. இரண்டு கணினி, ஓர் அச்சு இயந்திரம், சுழலும்போது முனகுகிற ஒரு மின்விசிறி. தலைமைப் பொறியாளர் கதவிலேயே நின்றிருந்தார். ஆலையில் எல்லாரும் அவரைச் சீஃப் என்றுதான் கூப்பிட்டார்கள். கடிதத்தை இரண்டு விரலால் வாங்கிப் பார்த்துவிட்டு, ஈரமான எதையோ தொட்டவர் மாதிரி திருப்பிக் கொடுத்தார்.

"பாத்துட்டுச் சீக்கிரம் கெளம்புங்க. இங்க வேலை நடக்குது."

"ஆலையே மூடிக் கெடக்குன்னாங்களே, சார்," என்றான் கொழுந்தன்.

"நீ யாரு?"

"இவங்களோட வாய், சார். இவங்க மூளைங்கறதால எனக்கு வேற வேலை கெடைக்கல."

கணினி முன்னால் முப்பது வயசுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஆலையின் புள்ளிவிவரங்களை நிரலில் போட்டு வரைபடங்களாக்குவது அவள் வேலை. ஒன்பதாம் பக்கமும் அவள் வரைந்ததுதான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அண்ணி அவளை வணங்கவுமில்லை, சிரிக்கவுமில்லை. அந்தப் பக்கத்தை அவள் விசைப்பலகை மேல் விரித்து வைத்தாள்.

"முக்கோணம் யாரு?"

"என்ன, மேடம்?"

"படத்துல ரெண்டு விதமான புள்ளி இருக்கு. கருப்பா இருக்கறது எல்லாம் வட்டம். வெளிறி இருக்கறது எல்லாம் முக்கோணம். சரியா?" அண்ணியின் விரல் பக்கத்தின் வலது ஓரத்துக்குப் போனது. எந்தக் குறி எதைக் குறிக்கிறது என்று சொல்லும் சிறு பெட்டி அங்கே இருந்தது. "இந்த லெஜெண்டைப் பாரு. கருப்பு வட்டம், டேங்க் 2. வெளிறின வட்டம், டேங்க் 10. ரெண்டுமே வட்டம். வெளிறின வட்டம் படத்துல ஒண்ணுகூட இல்லை. படத்துல இருக்கற முக்கோணம் பெட்டியில இல்லை."

"நிறத்தைத்தான் பாக்கணும், மேடம். வடிவம் சும்மா."

"சும்மாவா ரெண்டு வடிவம் போட்டே?"

"கறுப்பு வெள்ளையில அச்சாகுற தாள்ல நிறத்தைப் பாக்கணுமாம், அண்ணி," என்றான் கொழுந்தன். "ரேடியோவுல ஜாடை காட்டுற மாதிரி."

சீஃப் உறுமினார். "ஏம்மா, ஒருத்தன் செத்திருக்கான். நீங்க வட்டமா முக்கோணமான்னு பாண்டி ஆடுறீங்க."

"அவன் செத்ததாலதான் கேக்கறேன்."

"கேட்டுட்டே இருங்க. நாலு மணிக்குக் கீழ கையெழுத்து ஆகும்." அவர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். மின்விசிறி ஒரு சுற்று நின்று மறுபடி முனகியது.

அவர் காலடிச் சத்தம் தேய்ந்ததும் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "அவரைப் பகைச்சுக்க முடியாது, மேடம். முதல்ல நான் போட்ட படம் வேற மாதிரி இருந்துச்சு. அவர்தான் திருத்தினாரு. அவர் சொன்னதைத்தான் செஞ்சேன்."

அண்ணிக்கு அது இதமாக இருந்தது. வந்ததிலிருந்து குரைத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதர், பயந்து ஒடுங்கிய ஒரு பெண். நம்புவதற்கு எவ்வளவு சௌகரியமான கதை. சௌகரியமாக இருந்ததாலேயே அவள் அதை நம்பவில்லை.

"அந்த முதல் படம் எங்கே?"

"கிழிச்சுப் போட்டாச்சு."

அண்ணி அச்சு இயந்திரத்தைப் பார்த்தாள். அதன் மேல் ஓர் அட்டை ஒட்டியிருந்தது: "ஒரு பக்கம் அச்சான தாளை வீணாக்காதீர். சீஃப்." பக்கத்துத் தட்டில் அப்படிப்பட்ட தாள்கள் ஒரு முழம் உயரத்துக்குக் கிடந்தன.

"இவ்வளவு கறாரான ஆபீஸ்ல தாளைக் கிழிக்க உனக்குத் தைரியம் ஏது?" என்றாள் அண்ணி. "தம்பி, அந்தக் கட்டை இறக்கு."

"பொறந்ததுல இருந்து எனக்கு இந்த மாதிரி வேலைதான்," என்று முனகியபடி அவன் தரையில் உட்கார்ந்தான்.

அவன் தாள்களைப் புரட்டிக்கொண்டிருக்க, அண்ணி மேஜையைப் பார்த்தாள். கணினியின் ஓரத்தில் ஓர் அட்டை செருகியிருந்தது. தீக்காய வார்டு, பார்வையாளர் நேரம் ஐந்து முதல் ஆறு வரை. மேஜைக்கு அடியில் ஒரு பிளாஸ்க், மடித்த துண்டு, பழைய பருத்தித் துணிக் கிழிசல்கள். அண்ணிக்கும் அப்படி ஒரு பை ஏழு வாரம் இருந்தது. அதை இன்னும் அலமாரியிலிருந்து அவள் எடுக்கவில்லை.

"கெடைச்சுது!" கொழுந்தன் ஒரு தாளை உயர்த்தினான். பின்பக்கத்தில் மின்விசிறி முனகுவது பற்றி யாரோ எழுதத் தொடங்கி விட்டுவிட்ட புகார். முன்பக்கத்தில் வண்ணத்தில் அதே வரைபடம். சிவப்பு வட்டங்கள் மேலேறிப்போய் எல்லைக் கோட்டைத் தாண்டின. நீல முக்கோணங்கள் கீழேயே இருந்தன. இறுதிப் படத்தில் இல்லாத ஒன்றும் இருந்தது: புள்ளிகளுக்கு ஊடே ஒரு சிவப்புக் கோடு, ஒரு நீலக் கோடு.

வலது ஓரத்தில் ஒன்றல்ல, இரண்டு விளக்கப் பெட்டிகள்.

"மேல நிறப் பெட்டி, கீழ வடிவப் பெட்டி," என்றான் கொழுந்தன். இப்போது அவன் குரலில் கிண்டல் குறைந்திருந்தது. "சாதாரணமா ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்து ஒரே பெட்டியாத்தான் வரும், அண்ணி. ஒண்ணுல மட்டும் யாராவது பேரை மாத்தி எழுதினா, ரெண்டுக்கும் ஒத்துப்போகாம தனிக்குடித்தனம் போயிடும். இங்க நிறப் பெட்டியில பேரை மாத்தியிருக்காங்க. வடிவப் பெட்டியை யாரும் தொடலை."

"ரெண்டும் என்ன சொல்லுது, படி."

"நிறப் பெட்டி: சிவப்பு, டேங்க் 2. நீலம், டேங்க் 10. வடிவப் பெட்டி: வட்டம், 10. முக்கோணம், 2." அவன் நிமிர்ந்தான். "அடப்பாவி!"

படத்தில் வட்டங்கள் எல்லாம் சிவப்பு. நிறத்தைக் கேட்டால் அது இரண்டாம் டேங்க். வடிவத்தைக் கேட்டால் அதே புள்ளி பத்தாம் டேங்க். ஒரு புள்ளி இரண்டு டேங்க்கில் இருக்க முடியாது.

"எது பொய்?" என்றாள் அண்ணி.

"கை பட்டதுதான். வடிவப் பெட்டி நிரல் தானா எழுதினது. நிறப் பெட்டியில இவங்க அழகா 'டேங்க் 2, டேங்க் 10'னு வரிசையா எழுதிக் கொடுத்திருக்காங்க. ஆனா டேங்க் நம்பரை நிரல் எண்ணா எடுத்துக்கலை, எழுத்தா எடுத்திருக்கு. எழுத்தா எடுத்தா அதுக்குப் பத்து பெருசுன்னு தெரியாது. பத்துல முதல்ல நிக்கிற ஒண்ணை மட்டும் பாக்கும். ஒண்ணு ரெண்டுக்கு முன்னாடிதானே? அதனால அதோட வரிசையில பத்து முதல்ல, ரெண்டு அப்புறம். இவங்க கொடுத்த முதல் பேரைக் கொண்டுபோய் பத்தாம் டேங்க் தலையில கட்டிடுச்சு. இந்தத் தொழில்ல எல்லாரும் ஒரு தடவை விழுந்த பள்ளம்தான். நான் ரெண்டு தடவை."

"அப்போ தெரியாம நடந்த தப்பு."

"தெரியாமத்தான், மேடம்!" என்றாள் அந்தப் பெண் அவசரமாக. "சத்தியமா!"

"இந்தத் தாள்ல இருக்கறது தெரியாம நடந்தது. நான் கேக்கறது அதுக்கு அப்புறம் நடந்ததை." அண்ணி தாளை வெளிச்சத்தில் சாய்த்தாள். அதில் பென்சிலால் இரண்டு பெருக்கல் குறிகள். ஒன்று கோடுகளின் மேல். பக்கத்தில், "கோடுகள் வேண்டாம். படம் நெரிசலாக இருக்கிறது." இன்னொன்று மேலே இருந்த நிறப் பெட்டியின் மேல். பக்கத்தில், "அச்சு கறுப்பு வெள்ளை. நிற விளக்கம் எதற்கு?" இரண்டுக்கும் கீழே சீஃப்பின் கையெழுத்து.

அந்தப் பெண் தாளைப் பார்க்காமல் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவர் எடுக்கச் சொன்னது நிறப் பெட்டியை," என்றாள் அண்ணி. "பொய்யான பெட்டியை. அது பொய்னு அவருக்குத் தெரியாது, ஆனா சரியாத்தான் சொல்லியிருக்கார். கோட்டை எடுக்கச் சொன்னார், எடுத்தே. நிறப் பெட்டியை எடுக்கச் சொன்னார். நீ அதை வெச்சுக்கிட்டு, உண்மையைச் சொன்ன வடிவப் பெட்டியை மறைச்சே. சீஃப் சொன்னதுல பாதியைக் கேட்டு, பாதிக்கு நேர்மாறாச் செஞ்சிருக்கே. ரெண்டு பெட்டியும் முரண்படுதுன்னு அதுக்குள்ள உனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"நிரல்ல ஒரே ஒரு வரிதான், அண்ணி," என்றான் கொழுந்தன். "வடிவத்துக்கு 'காட்டாதே'ன்னு எழுதினாப் போதும்."

அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த பயம் அப்போது போய்விட்டது. அதற்கு அடியில் இருந்தது அதைவிடக் கடினமாக இருந்தது.

"பத்தாம் டேங்க்ல நின்னவன் என் தம்பி," என்றாள்.

"பை பாத்தேன்."

"முதுகு முழுக்கத் தோல் இல்லை அவனுக்கு. இன்னும் எழுந்து உக்காரலை. எழுந்து வந்தா இந்த ஊர் அவனைக் கொன்னு போட்டுடும். நீங்களே வாசல்ல பாத்தீங்கல்ல? அந்த மனுஷன் செத்துட்டாரு. செத்தவருக்கு இனிமே என்ன வலிக்கப் போகுது?"

அண்ணிக்கு அந்தக் கேள்வி பழக்கமானது. கணவர் இறந்த மாதத்தில், அலுவலகத்தில் காணாமல்போன கோப்புகள் எல்லாம் அவர் தொலைத்தவையாகிவிட்டன. தவறவிட்ட தேதிகள் எல்லாம் அவர் தவறவிட்டவை. அப்படிச் சொன்னவர்கள் எல்லாரும் நல்லவர்கள். போனவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்பதால் சொன்னார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து தட்டைச் சுவரில் எறிந்தாள்.

"அவருக்கு வலிக்காது," என்றாள். "கூரையில கல்லு விழும்போது உள்ள உக்காந்திருக்கறது அவர் இல்லையே."

"என் தம்பி மேல விழட்டும்கறீங்களா?"

"எழுந்திரு. முதல்ல அந்தக் கோட்டைப் பாரு. நீயே போட்டே, நீயே எடுத்தே. ஒரு தடவையாவது பாத்தியா?"

அந்தப் பெண் பார்க்கவில்லை. புள்ளிகளைத்தான் பார்த்தாள். எந்தப் புள்ளி எல்லை தாண்டியது என்பதற்கு மேல் அவள் கண் போகவில்லை. இப்போது குனிந்தாள்.

"புள்ளிங்கறது டேங்க்ல நிஜமா இருந்த அழுத்தம். கோடு என்னது?" என்றாள் அண்ணி.

"ஆள் திருகி வெச்ச அளவு."

"சிவப்பு உன் தம்பி. சிவப்புப் புள்ளி ஏறுது. சிவப்புக் கோடு?"

அது தரையில் வைத்த குச்சி மாதிரி நேராகக் கிடந்தது. முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை ஓர் இம்மி ஏறவில்லை.

"அவன்..." அவள் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். "அவன் ஏத்தவே இல்லை."

"அவன் வெச்சது வெச்சபடி இருக்கு. அழுத்தம் மட்டும் தானா ஏறியிருக்கு. வால்வு அடைச்சிருந்தாத்தான் அப்படி ஆகும். அறிக்கையோட பதினாலாம் பக்கத்துல, போன மாசம் பத்தாம் டேங்க் வால்வைச் சரி பண்ணியாச்சுன்னு ஒரு கையெழுத்து இருக்கு. யாரோடதுன்னு சொல்லணுமா? படம் நெரிசலா இருக்குன்னு அவருக்கு ஏன் தோணுச்சுன்னு இப்பப் புரியுதா?"

"ரெண்டு பேரும் சொல்லி வெச்சுக்காமலே கூட்டுச் சேர்ந்திருக்கீங்க," என்றான் கொழுந்தன். "அவர் உன் தம்பியோட சாட்சியை அழிச்சாரு. நீ அவரைக் காட்டிக்கொடுக்கற பத்தாம் டேங்கை மறைச்சே. அந்தக் கோட்டை எடுக்காம இருந்திருந்தா நீ இந்தப் பாவத்தைப் பண்ணவே வேண்டியிருந்திருக்காது."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று இருபது.

"அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. படத்தைப் போடு. நம்பரை எண்ணா மாத்து. ரெண்டு பெட்டிக்கும் ஒரே பேரு, ஒரே வரிசை, ஒண்ணாச் சேரட்டும். கோடும் வரணும். மூல அட்டவணையையும் சேர்த்து அச்சடி."

வேலை தெரிந்த விரல்கள். நான்கு வரிகளை மாற்றினாள். இரண்டு பெட்டிகளும் ஒன்றாகி ஓரத்தில் அமர்ந்தன.

அச்சு இயந்திரம் தாளைத் துப்பும்போது கதவு திறந்தது. சீஃப் திரையைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், கையை நீட்டித் தாளைப் பிடித்தார்.

"யாரைக் கேட்டு அச்சடிச்சே?"

"விடுங்க, சார்."

"வேலையை விட்டு வீட்டுக்குப் போறியா?"

"போறேன். தாளை விடுங்க." அவள் இழுத்தாள். ஒரு மூலை அவர் கையோடு கிழிந்து போனது. படம் அவளிடமே இருந்தது.

"சார் கையெழுத்து போட்ட பென்சில் திருத்தம் என்கிட்ட இருக்கு," என்றான் கொழுந்தன், மடித்த தாளைச் சட்டைக்குள் செருகியபடி. "ஒரு பக்கத் தாளை வீணாக்கலை, சார்."

குழு அறையில் அண்ணி பேசவில்லை. அந்தப் பெண்தான் பேசினாள். எந்த வரியில் என்ன செய்தாள், ஏன் செய்தாள், யார் எதை எடுக்கச் சொன்னார், எல்லாம். தலைவர் மூல அட்டவணையை ஒருமுறை, படத்தை ஒருமுறை பார்த்தார். பேனாவை மூடிச் சட்டையில் செருகினார். சீஃப் மட்டும் உள்ளேயே இருக்க வேண்டும் என்றார்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் ஆஸ்பத்திரிப் பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பக்கம் இல்லை," என்றாள் அண்ணி. "செத்தவரோட சம்சாரம் முன்வாசல்ல நிக்கறா. நீயே வந்து சொல்லு."

"அடிப்பாங்க."

"அடிச்சா வாங்கிக்கோ."

இறந்தவனின் மனைவி கூட்டத்திலிருந்து விலகிச் சாலைக்கு எதிர்ப்புறம், வெயிலில் நின்றிருந்தாள். மகளை அழைத்து வரவில்லை. அந்தப் பெண் சொல்லச் சொல்ல அவள் கையை ஓங்கவில்லை, கத்தவில்லை. பத்தாம் டேங்க் ஆளின் அக்கா என்று கேட்டபோது மட்டும் ஒரு காலடி பின்னால் வைத்தாள். எல்லாம் முடிந்ததும் அண்ணியிடம் திரும்பினாள்.

"அவர் தப்பு இல்லேன்னு எனக்கு முன்னாடியே தெரியும். வேற என்ன இருக்கு அந்தப் படத்துல?"

அண்ணி மூலை கிழிந்த அந்தத் தாளின் நகலை விரித்தாள். இரண்டாம் டேங்கின் கோட்டைக் காட்டினாள். அது கடைசிவரை நேராகப் போகவில்லை. முடிவதற்குச் சற்று முன் ஒரு படி இறங்கியது, இன்னொரு படி, இன்னொரு படி.

"கடைசி நாலு நிமிஷத்துல மூணு தடவை இவர் டேங்கை இறக்கியிருக்கார்," என்றாள். "குழாயில சுமை ஏறுதுன்னு தெரிஞ்சிருக்கு. பக்கத்துலயே நின்னு கையால திருகித் திருகிக் குறைச்சிருக்கார்."

கொழுந்தன் தாளை இறந்தவனின் மனைவி பக்கம் நீட்டினான்.

அவள் தாளை வாங்கிக்கொள்ளவில்லை. அந்த மூன்று படிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மெதுவாகக் கோணியது. அதில் ஆறுதல் இல்லை. இருபது நாளாக ஊர் மேல் வைத்திருந்த கோபம் முழுவதும் முதல் முறையாகத் தன் சொந்த ஆள்மேல் திரும்பியது.

"நாலு நிமிஷம்," என்றாள். "ஓடியிருக்கலாமே, பாவி. ஓடி வந்திருக்கலாமே."